கடை மராமத்தும் கடைக்காரன் கதியும்

பழைய கட்டடத்தை மராமத்துச் செய்யவேண்டும் என்று சொல்லுகின்ற சொந்தக்காரரோடு நமக்குச் சண்டை கிடையாது. உத்திரம் உளுத்து, தளம் ஒழுகி, சுவர் வாய் பிளந்து நிற்கின்ற கட்டடத்துக்குள் பத்துக் கடைக்காரர்களையும், அவர்களிடம் சாமான் வாங்க வருகின்ற நூறு பேரையும் நிறுத்தி வைத்துவிட்டு, "எல்லாம் முருகன் பார்த்துக்கொள்வான்" என்று கைகட்டி இருப்பது யோக்கியமான காரியமல்ல. நாம் கேட்பது வேறு கேள்வி. மராமத்தின் பேரால் வெளியே போகச் சொல்லப்படுகின்ற கடைக்காரன், வேலை முடிந்த பிறகு அதே கடைக்குள் திரும்பி வருவானா, மாட்டானா? வருவதற்கு அவனுக்குப் பாத்தியதை உண்டா? உண்டு என்றால் அது எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கின்றது?

"என்ன அய்யா, மூன்று மாதம் கடையைச் சாத்தினால் குடி முழுகிப் போகுமா?" என்று கேட்கின்றவர்கள் இருக்கின்றார்கள். அப்படிப்பட்டவர்கள் திருத்தணிக்கு ஒரு தடவை வந்து பார்க்கட்டும். அங்கே மலைக்கு 365 படி என்றும், அது வருஷத்து நாட்களின் கணக்கு என்றும், டிசம்பர் 31ந் தேதி இரவு படிக்குப் படி பூசை செய்து பாடிக்கொண்டு ஏறினால் வருஷம் முழுவதும் சுகமாய் இருக்கலாம் என்றும் சொல்லுகின்றார்கள். லீப் வருஷத்தில் மிஞ்சுகின்ற ஒரு நாளுக்கு எந்தப் படி என்று கேட்டால் மாத்திரம் கோபம் வந்துவிடுகின்றது. அது நிற்க. அடிவாரத்திலும், ம. பொ. சி. சாலையிலும் கடை வைத்திருக்கின்றவனுக்கு அந்த 365 நாளில் படியளக்கின்ற நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆடிக்கிருத்திகை, அதை ஒட்டிய தெப்பம், டிசம்பர் 31, தைப்பூசம், பங்குனி உத்திரம். இந்த நாட்களில் வருகின்ற கூட்டத்தை நம்பித்தான் அவன் கடனுக்குச் சரக்கு எடுக்கின்றான். அந்தச் சில நாள் வியாபாரத்தைக் கொண்டுதான் மற்ற மாதங்களின் வாடகையைக் கட்டுகின்றான். அப்படியிருக்க, மூன்று மாதம் என்பது எந்த மூன்று மாதம் என்று கேட்கவேண்டாமா? ஆடிக்கிருத்திகை உள்ளே அகப்பட்டுக்கொண்டால் அது மூன்று மாதமல்ல, ஒரு வருஷம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆடி மாதத்தில் கட்டட வேலை தொடங்கக்கூடாது என்று நம்முடைய ஜனங்கள் நம்பிக்கொண்டிருப்பதால், ஆடியில் எந்தச் சொந்தக்காரரும் கடப்பாரை எடுப்பதில்லை. மூடநம்பிக்கையால் கடைக்காரனுக்கு உண்டான லாபம் நமக்குத் தெரிந்த வரையில் இது ஒன்றுதான். அந்த லாபமும் நிலைப்பதில்லை. தை பிறந்ததும் நாள் பார்த்து, வாஸ்து பார்த்து, பூசை போட்டு இடிக்கத் தொடங்குவார்கள். மேஸ்திரி வரமாட்டார், மணல் வராது, பணம் போதாது. மூன்று மாதம் ஆறு மாதமாக நீளும். அதற்குள் ஆடிக்கிருத்திகைக் காவடிகள் அவன் கடை இருந்த மண்மேட்டைத் தாண்டிப் போய்விடும்.

"கற்பூரமும் விபூதியும் சாமி படமும் விற்கின்றவனுக்குப் பகுத்தறிவுப் பத்திரிகை ஏன் பரிந்துகொண்டு வரவேண்டும்?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கலாம். கற்பூரத்தைக் கொளுத்துவதால் பலனில்லை என்று நாம் சொல்லுகின்றோமேயொழிய, கற்பூரம் விற்றுப் பிழைப்பவனைத் தெருவில் தள்ளவேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மேலும் அந்தச் சாலையில் கற்பூரக் கடை மாத்திரமா இருக்கின்றது? பக்கத்துத் தறிகளில் நெய்த லுங்கி விற்கின்றவர், சைக்கிள் ரிப்பேர் செய்கின்றவர், தமிழிலும் தெலுங்கிலும் பேசிச் சோறு போடுகின்ற ஓட்டல்காரர், முடிவெட்டுகின்ற தோழர், மருந்துக் கடைக்காரர், இத்தனை பேரும் வாடகைக்காரர்களே. அந்தக் கடைகளின் வாசற்படி ஓரத்தில் உட்கார்ந்து பூக் கட்டி விற்கின்ற அம்மாளுக்கோ வாடகைச் சீட்டுக்கூடக் கிடையாது. கட்டடம் போனால் அவளும் போகவேண்டியதுதான். அவள் இருந்தாள் என்பதற்கு அத்தாட்சியும் இருக்காது.

இனிச் சட்டத்தைக் கவனிப்போம். இந்த ஊர் சித்தூர் ஜில்லாவோடு ஆந்திரத்தில் இருந்தது. எல்லைக் கிளர்ச்சி நடந்து, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1ந் தேதி சென்னை மாகாணத்துக்கு வந்தது. "தணிகை யாருக்கு?" என்ற கேள்விக்குச் சிறை சென்றும் உயிர் கொடுத்தும் விடை வாங்கினார்கள். அதே 1960ல் சென்னைச் சட்டசபை, கட்டடங்களின் வாடகைக் கட்டுப்பாட்டுக்காக 18வது சட்டத்தைச் செய்தது. "தணிகையில் இருக்கின்ற கடை யாருக்கு?" என்ற கேள்விக்கு அதிலே ஒரு மாதிரி விடை இருந்தது.

அந்தச் சட்டத்தின் 14வது பிரிவு இரண்டு காரியங்களைப் பிரித்து வைத்தது. ஒன்று மராமத்து. காலி செய்யாமல் செய்ய முடியாத மராமத்து என்றால், சொந்தக்காரர் வாடகைக் கண்ட்ரோலரிடம் போகலாம். ஆனால் வேலை முடிந்ததும், மூன்று மாதத்துக்குள்ளோ அல்லது கண்ட்ரோலர் நீட்டிக் கொடுக்கின்ற காலத்துக்குள்ளோ, காலி செய்தவனுக்கே அந்த இடத்தைத் திரும்பக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் உத்தரவு கிடையாது. மற்றொன்று, முழுவதும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. இதற்கு ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்கி, மூன்று மாதத்துக்குள் இடித்து முடிப்பதாக எழுதிக் கொடுத்தால் போதும். சொன்னபடி இடிக்காவிட்டால் வாடகைக்காரன் திரும்ப உள்ளே போகக் கேட்கலாம். இடித்துவிட்டாலோ புதுக் கட்டடத்தில் அவனுக்கு இடமில்லை.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். மராமத்து என்றால் பழைய ஆளைத் திரும்பச் சேர்க்கவேண்டும். இடிப்பு என்றால் சேர்க்கவேண்டியதில்லை. இப்படி இரண்டு கதவைத் திறந்து வைத்தால் புத்தியுள்ள சொந்தக்காரர் எந்தக் கதவால் நுழைவார்? ஒரு உத்திரம் மாற்றினால் தீருகின்ற கட்டடமெல்லாம் "இடித்தே ஆகவேண்டிய" கட்டடமாகப் போய்விட்டது. தலைவலிக்குத் தலையை வாங்குகின்ற வைத்தியம் இதுதான். சென்னை மௌண்ட் ரோட்டில் பேர்போன கடிகாரக் கடையாகிய பி. ஆர் அண்டு சன்ஸ் இப்படிப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையில் போய் 1990ல் ஜெயித்தது. கட்டடத்தின் நிலைமை உடனே இடிக்கும்படியாக இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிறகு 1996ல் வேறொரு சென்னை வழக்கில், கட்டடம் விழுந்துவிடும் நிலையில் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை, அதன் வயது, நிலைமை, சொந்தக்காரருடைய பண வசதி முதலியவைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, கேட்பது உண்மையான எண்ணத்தோடுதானா என்று முடிவு செய்யவேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லிற்று. அப்பொழுதும், உண்மையா பாசாங்கா என்று கேட்கின்ற ஒரு இடம் இருந்தது. வழக்காட மௌண்ட் ரோட்டுக் கம்பெனிக்குப் பணம் இருந்தது; பூக்கடைக்காரருக்கு இருக்குமா என்பது வேறு விஷயம்.

அந்த 1960ம் வருஷச் சட்டம் இன்றைக்கு இல்லை. 2017ல் செய்து 2019 பிப்ரவரி 22ந் தேதி அமுலுக்கு வந்த புதுச் சட்டம் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றது. அதன் பெயரிலேயே சொந்தக்காரர், வாடகைதாரர் ஆகிய இருவரின் "உரிமைகளும் பொறுப்புகளும்" இருக்கின்றன. பெயர் நன்றாய்த்தான் இருக்கின்றது. மராமத்து, கூட்டிக் கட்டுதல், மாற்றுதல், இடித்தல் ஆகிய எல்லாவற்றையும் இந்தச் சட்டம் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. காலி செய்யாமல் வேலை நடக்காது என்றால் இடத்தைத் திரும்பப் பெறலாம். வாடகைதாரன் திரும்ப வருவதோ, இரு தரப்பும் மனமொத்துப் புது ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் கொடுத்திருந்தால் மாத்திரமே. ஒப்பந்தம் இல்லையேல் உள்ளே வரும் பாத்தியதை இல்லை. வாடகைக் கோர்ட்டு உத்தரவினால் வெளியேற்றப்பட்டவனுக்கும் இல்லை.

"மனமொத்து" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பசித்தவனும் பந்தியில் பரிமாறுகின்றவனும் மனமொத்துப் பேசிக்கொள்ளட்டும் என்பது போன்ற வார்த்தை அது. புதுக் கண்ணாடியும், பளிங்குத் தரையும், இரட்டிப்பு வாடகை கொடுக்கின்ற ஆளும் காத்திருக்கும்போது, பழைய கடைக்காரனோடு மனமொத்துப் போகும்படியாகச் சொந்தக்காரரை எது தூண்டும்? அவருடைய தயாள குணமா? முன்பு சட்டம் கட்டாயமாக எழுதி வாங்கியதை இப்பொழுது கடைக்காரனே கெஞ்சி வாங்கிக்கொள்ளவேண்டும். அதையும் காலி செய்வதற்கு முன்பே வாங்கவேண்டும். சாவியைக் கொடுத்த பிறகு கேட்டால் வாங்குகின்றதற்கு அவன் கையில் என்ன இருக்கின்றது?

அந்தச் சட்டத்தில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வழக்கு நடக்கும்போது தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளைத் துரத்தக்கூடாது என்று இருக்கின்றது. சொந்தக்காரர் செய்யவேண்டிய ரிப்பேரைச் செய்யாவிட்டால் வாடகைதாரன் தானே செய்து, ஒரு மாதத்து வாடகையில் பாதிக்கு மேற்படாமல் மாதந்தோறும் கழித்துக்கொள்ளலாம் என்று இருக்கின்றது. கட்டடம் இடிந்துபோனால் அதனாலேயே வாடகைதாரனுடைய உரிமை செத்துப்போகாது, கட்டடம் நின்ற நிலத்தின் மேலும் அது நிற்கின்றது என்று மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2014ல் சொல்லியிருக்கின்றது. இவைகளை எத்தனை கடைக்காரர்கள் அறிவார்கள்? கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருக்கத் தெரிந்தவர்களுக்குத் தங்கள் வாடகைச் சீட்டில் என்ன எழுதியிருக்கின்றது என்பது தெரியவில்லை.

இதுவரை சொன்னது மனிதன் சொந்தக்காரனாய் இருக்கின்ற கட்டடத்தைப் பற்றி. சாமி சொந்தக்காரராய் இருந்தால் சங்கதி இன்னும் மோசம். கோயில் விக்கிரகம் நமது கோர்ட்டுகளில் ஒரு நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், வாடகை வாங்கலாம். ஆனால் எக்காலத்திலும் மைனர். ஆயிரம் வருஷத்துக் கோயிலானாலும் சாமிக்கு மேஜர் வயது வருவதில்லை. இந்த மைனருக்குச் சர்க்கார் 1976ல் ஒரு பெரிய உபகாரம் செய்தது. இந்து, கிறிஸ்து, முஸ்லிம் என்ற பேதமில்லாமல் எல்லா மத தரும ஸ்தாபனங்களின் கட்டடங்களுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. சண்டை போடுகின்ற மூன்று மதத்துச் சாமிகளும் வாடகை விஷயத்தில் ஒரே கட்சியாய் நின்றதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா? 2017ம் வருஷச் சட்டத்திலும் சர்க்கார் அறிவிக்கின்ற மத ஸ்தாபனங்களை வெளியே நிறுத்திவைக்க இடம் விட்டிருக்கின்றது. இந்து அறநிலையச் சட்டப்படி கோயில் கடை வாடகையை மார்க்கெட்டு நிலவரத்தைப் பார்த்து மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்றலாம். குத்தகை முடிந்த பிறகும் இருக்கின்றவன் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஆக்கிரமிப்புக்காரன்.

முருகன் சூரனோடு போராடிவிட்டு வந்து கோபம் தணிந்த இடமாதலால் தணிகை என்று பெயர் வந்ததாம். ஆகையால் அங்கே சூரசம்மாரம்கூடக் கிடையாது, பூமாரிதான் என்கின்றார்கள். தன் கோபம் தணிந்த சாமிக்கு வாடகைக்காரனின் வயிற்றெரிச்சலைத் தணிக்கத் தெரியாமல் போனதேன் என்று பக்தர்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

கோயில் சொத்தை அடிமாட்டு வாடகைக்கு அனுபவித்துக்கொண்டு, உள்வாடகைக்கு விட்டுப் பத்து மடங்கு சம்பாதிக்கின்றவர்களுக்காக நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்கவேண்டாம். கோயில் பணம் பொதுஜனங்களின் பணம், அதைச் சில பேர் தின்னக்கூடாது என்பதற்காகத்தான் பனகால் அரசர் மந்திரிசபை, எதிர்ப்புகளைத் தாண்டி, 1920களில் இந்து மத பரிபாலனச் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் கொள்கையில் நமக்கு இன்றும் மாற்றமில்லை. நியாயமான வாடகையைக் கோயில் வாங்கட்டும். உள்வாடகைக்காரனை வெளியேற்றட்டும். ஆனால் ஒழுங்காக வாடகை கட்டித் தானே கடை நடத்துகின்றவன், கூரை பழசாகிப்போன குற்றத்துக்காக ஏன் நடுத்தெருவில் நிற்கவேண்டும்?

மதுரையில் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 2ந் தேதி மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்து மண்டபமே சரிந்தது. அதன் பிறகுதான் கோயில்களுக்குள் கடை இருக்கலாமா என்ற ஞானோதயம் எல்லோருக்கும் வந்தது. எதிரிலுள்ள புதுமண்டபத்தில் தலைமுறையாகத் தையல் மெஷின் போட்டிருந்தவர்களும், புத்தகம், வளையல் விற்றவர்களும் பிறகு குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். திருமலை நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்களை மறைத்துத் துணி மூட்டையை அடுக்கி வைப்பது சரி என்று நாமும் சொல்லமாட்டோம். நாம் கவனிக்கச் சொல்லுவது, அங்கே போக வேறிடம் ஒன்று காட்டப்பட்டது என்பதைத்தான். மண்டபத்துக்குச் செய்ய முடிந்த மரியாதையைச் சாதாரணச் செங்கல் கட்டடத்துக் கடைக்காரனுக்கு ஏன் செய்ய முடியாது?

சீமையில் 1954ம் வருஷத்துச் சட்டம் ஒன்று வியாபார வாடகைக்காரனைக் காப்பாற்றுகின்றது. இடித்துக் கட்டவேண்டும் என்று சொல்லி அங்கேயும் சொந்தக்காரர் இடத்தைக் கேட்கலாம். ஆனால் வேலைக்கு வழிவிட்டுக்கொண்டு அங்கேயே இருக்க வாடகைக்காரன் சம்மதித்து, அது சாத்தியமாகவும் இருந்தால், அவனை வெளியேற்ற முடியாது. வெளியேற்றினாலும் நஷ்டஈடு உண்டு. லண்டன் ஜெர்மின் தெருவில் பழைய சித்திரத் திரைச்சீலைகள் விற்கின்ற ஒரு கடை ஓட்டல் கட்டடம் ஒன்றில் இருந்தது. ஓட்டல்காரர் கடைக்காரரை வெளியேற்றுவதற்கென்றே, பிரயோஜனமில்லாத மராமத்துத் திட்டம் ஒன்றைத் தயார் செய்தார். வாடகைக்காரர் தாமாகவே போய்விட்டால் இந்த வேலையைச் செய்யமாட்டோம் என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். 2018ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆளைத் துரத்துவதற்காகச் செய்கின்ற மராமத்து மராமத்தாகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த ஒரு கேள்வியை, அதாவது "வாடகைக்காரன் இல்லாவிட்டாலும் இந்த வேலையைச் செய்வீர்களா?" என்ற கேள்வியை, நம் ஊர் வாடகைக் கோர்ட்டுகளிலும் ஒவ்வொரு மனுவிலும் கேட்டால் எத்தனை மனுக்கள் நிற்கும்?

காலி செய்யாமல் வேலையே நடக்காது என்பதும் பெரும்பாலும் சோம்பேறித்தனம். பழைய மெட்ராஸ் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மர உத்திரம், அதன் மேல் சுண்ணாம்பில் நிறுத்தி வைத்துக் கட்டிய செங்கல், மேலே ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கும் மேலே தட்டோடு. இது கெடுவது பெரும்பாலும் உத்திரத்தின் நுனியில். சுவருக்குள் செருகியிருக்கின்ற பாகத்தில் ஈரம் இறங்கிக் கறையான் ஏறுகின்றது. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு உத்திரமாக உருவி, இரும்பு உத்திரம் செருகிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். தெரிந்த மேஸ்திரிகள் செய்துகொண்டுதான் இருக்கின்றார்கள். கடையின் பின்பாதியில் வேலை நடக்கும்போது முன்பாதியில், பலகையும் தார்ப்பாயும் மறைப்புக் கட்டி, வியாபாரம் நடக்கலாம். சத்தமும் தூசியும் உள்ள வேலையை இரவில் வைத்துக்கொள்ளலாம். சிமெண்டுத் தளத்தில் கம்பி துருப்பிடித்து உப்பிக் காரை விழுகின்றதென்றால் அது ஆபத்து. அப்பொழுது அந்த இடத்தின் கீழே ஒருவரும் நிற்கக்கூடாது. பாதியாய்ப் பிரிக்க முடியாவிட்டால் முழுவதும் காலி செய்யவே வேண்டும். எது எந்த ரகம் என்பதை இஞ்சினீயர் ஒருவர் தட்டிப் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். ஈசானிய மூலையில் பள்ளம் இருக்கின்றதா என்று பார்க்க வருகின்ற வாஸ்துக்காரருக்கு உத்திரத்தின் நுனி கண்ணுக்குத் தெரியாது. அவருக்குக் கொடுக்கின்ற தட்சிணை இஞ்சினீயர் கூலியில் பாதிக்காவது ஆகும்.

ஆகவே திருத்தணிக் கடைக்காரத் தோழர்கள், ஒரு கட்டடத்துக்குள் இருக்கின்றவர்கள் வரையிலாவது ஒன்று சேர்ந்து, சாவியைக் கொடுக்கும் முன்பு ஒரு காகிதத்தைக் கேட்கவேண்டும். தனித்தனியாய்ப் போனால் ஒருவனுக்கு ஆசைகாட்டி மற்றவனை வெளியே தள்ளுவது சுலபம். அதில் இஞ்சினீயர் எழுதியது சேர்த்திருக்கட்டும். எந்தக் கடை எந்தத் தேதியில் காலி, எந்தத் தேதியில் திரும்ப, எத்தனை அடிக்கு எத்தனை அடி, தெருப்பக்கமா பின்பக்கமா, புது வாடகை என்ன, வேலை நடக்கின்ற நாட்களுக்கு வாடகை உண்டா இல்லையா, சொன்ன தேதி தவறினால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்பதெல்லாம் இருக்கட்டும். ஆடிக்கிருத்திகைக்குக் கடை திறந்திருக்கும் என்பதைத் தனி வரியாக எழுதட்டும். வாசலில் பூ விற்கின்ற அம்மாளுக்கும் ஒரு வரி போடட்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யட்டும். சாமி கட்டடமானால் கோயில் நிர்வாக அதிகாரியிடமும் இதே காகிதத்தைக் கேட்கட்டும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கிவைக்கட்டும். சட்டசபைக்குப் போகின்றவர்களோ, 1960ம் வருஷத்து 14வது பிரிவில் இருந்த அந்தக் கட்டாய உறுதிமொழியை 2017ம் வருஷச் சட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து, கோயிலுக்கும் சேர்த்து அமுல் செய்யட்டும். ஓட்டுக் கேட்டு வருகின்றவர்களிடம் மலைப்படி ஏறச் சொல்லுவதற்குப் பதிலாக இதைக் கேட்கலாம்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்தான பிறகு கடப்பாரையை எந்த நாளில் வைத்தாலும், அது ராகுகாலமானாலும், நமக்கு ஆட்சேபனை இல்லை.